ஒரு மடக்கு மிச்சம்

பாலைக் கொதிக்கவைத்து இறக்கியிருந்தேன். முதல் டீக்கு வடிகட்டியைக் கையில் எடுத்த நேரத்தில் போன் வந்தது. மதினியின், அதாவது கடை முதலாளி அண்ணாச்சி வீட்டம்மாவின், தம்பி பேசினார். "கனி, அடுப்ப அணைச்சிரு. கடை இன்னைக்கு இல்ல. அத்தான் தவறிட்டாவ." எனக்கு முதல் பாதிதான் காதில் ஏறியது. கடை ஏன் இல்லை, மாவு பொங்கி நிற்கிறதே என்றுதான் நினைத்தேன். முன்னால் பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் காத்திருந்தார். அவருக்கு டீயை வடித்துக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்த பிறகுதான் மற்ற பாதி விளங்கியது. அடுப்பை அணைத்தேன். அடுத்து எதை எடுப்பது, எதை வைப்பது என்று தெரியாமல் தோசைக்கல்லைத் துடைத்தேன். துடைத்த கல்லையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

விடியும் முன்னே நெஞ்சு அடைக்கிறது என்று அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தாராம். மதினி வெந்நீர் வைத்து எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் படுத்தவர் இல்லை.

தவசிமணி அண்ணாச்சியை உங்களுக்கெல்லாம் தெரியும். பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் அவர் டீக்கடையில் உட்காராதவர்கள் இந்த ஊரில் குறைவு. என்னையும் பல பேருக்குத் தெரியும்; பெயர் தெரியாமல் இருக்கலாம். தோசைக்கல்லுக்குப் பின்னால் நிற்கிறவள் என்றால் தெரியும். என் பெயர் சண்முகக்கனி. என் மகள் கைப்பிள்ளையாக இருந்த நாளிலிருந்து அந்தக் கல்லுக்கு முன்னால்தான் நிற்கிறேன். பதினாறாம் நாள் விசேஷத்துக்குக் கடைத்தெரு வியாபாரிகள் சேர்ந்து ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். "கூடவே இருந்தவ நீதான, நாலு வார்த்தை எழுதிக் குடு" என்று என்னிடமும் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அவரைப் பற்றி நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் துட்டி வீட்டில், அவர் சாவுக்குக் கூடியிருந்த இடத்தில், ஒரு பேச்சு வந்தது. அதிலிருந்து எனக்கு ஒன்றுமே தெளிவாக இல்லை. எழுதினால் தெளியும் என்று நினைத்தேன். இன்னும் தெளியவில்லை. தெளியாமலே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய கதைகளைச் சொல்லவேண்டும். டீக்கு வருகிறவர்களைவிட அவர் பேச்சுக்கு வருகிறவர்கள் அதிகம். எல்லாம் சின்ன ஊர்க் கதைகள். சந்தை, பஸ், கல்யாண வீடு, கடன் வாங்கிய சைக்கிள், காணாமல் போன கோழி. அந்த ஆட்டுக் கதையை மறந்திருக்கமாட்டீர்கள். எட்டயபுரம் சந்தையில் ஒருவர் ஆடு வாங்கிப் பஸ்ஸில் ஏற்றுகிறார். கண்டக்டர் ஆட்டுக்கு டிக்கெட் கேட்கிறார். "மடியில வச்சா டிக்கெட் இல்லன்னு அந்தப் பிள்ளைக்குச் சொன்னீருல்லா? இதும் மடியிலதான் இருக்கு" என்று இவர் ஆட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். ஆடு கழுத்தை நீட்டிக் கண்டக்டர் கையிலிருந்த டிக்கெட் கட்டை அப்படியே தின்றுவிடுகிறது. கண்டக்டர் நிதானமாகச் சொல்கிறார்: "ஓய், உம்ம ஆட்டுக்கு இப்ப மெட்ராஸ் வரைக்கும் டிக்கெட் இருக்கு. உமக்குத்தான் இல்ல. நீரு இறங்கும்."

அந்த ஆட்டுக்காரர் எந்த ஊர்க்காரர் என்பதுதான் வேடிக்கை. ஓட்டப்பிடாரத்துக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தால் ஆட்டுக்காரர் எட்டயபுரம். எட்டயபுரத்துக்காரர் இருந்தால் ஓட்டப்பிடாரம். ஒரு நாள் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னைக்குத் தெரிஞ்சாவணும் அண்ணாச்சி, அவன் எந்த ஊரு?" என்று பிடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "ஆடு எட்டயபுரம்வே. ஆளு பாதி வழியில ஏறினவன்" என்றார்.

யாராவது விடாமல் கேட்டால் ஒரே பதில்தான் சொல்வார். "கதைய எடுத்துட்டுப் போ, ஆள விட்டுட்டுப் போ." யார் வீட்டு மானமும் அவர் கதையில் போனதில்லை. ஒரு காலத்தில் கடல் இருந்து விலகிப்போன கொற்கையிலிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி வருவார். அவரைக் கண்டதும், "வாரும்வே. உங்க ஊருல இருந்து கோவிச்சுட்டு வந்த கடலு எங்க ஊருல கெடக்கு. எப்பக் கூட்டிட்டுப் போறீரு?" என்பார். அவரும் சளைக்காமல், "நீரே வச்சுக்கிடும், ரொம்ப உப்பு" என்பார். இதற்கெல்லாம் நான் கல்லுக்குப் பின்னால் நின்று சிரித்தவள். கதையில் ஆள் மாறுவது எனக்குத் தெரியாதது இல்லை. எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம் தெரியும். அப்படியும் ஒரு கதையை மட்டும் நான் அந்தக் கணக்கில் சேர்க்காமலே இருந்துவிட்டேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் அண்ணாச்சி கடையில் டீ குடிப்பார்கள். முழுதும் குடிக்கமாட்டார்கள். கடைசி மடக்கைக் கிளாஸிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மிச்சம் வைத்தவன் அதைக் குடிக்கத் திரும்பி வருவான் என்பது பேச்சு. தோணி துறைமுகத்துக்கு எதிரே இருக்கிற முயல்தீவைத் தாண்டியிருக்கும் என்று தோன்றுகிற வரைக்கும் அண்ணாச்சி அந்தக் கிளாஸைக் கழுவவிடமாட்டார். ஈ மொய்க்கிறது என்று நான் எடுக்கப்போனால், "இருக்கட்டும்ளா, ஆளு இன்னும் கண்ணுக்குள்ளதான இருக்கான்" என்பார்.

அவர் இதில் விளையாடமாட்டார். காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர் முதல்முறை துபாய்க்குப் போனார். ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் காரை நிறுத்தி டீ குடித்துவிட்டு ஏறிவிட்டார். அண்ணாச்சி மேசைக்கு வந்து பார்த்தார். கிளாஸ் காலி. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. காரை மறித்து அந்தத் தம்பியை இறக்கிக் கூட்டிவந்தார்.

"அண்ணாச்சி, அது தோணிக்காரவுகளுக்குத்தான? நான் பிளைட்டுல போறேன்."

"பிளைட்டும் திரும்பி வரணும்லாவே. உக்காரு."

இன்னொரு டீ போட்டுக் கொடுத்து, ஒரு மடக்கு மிச்சம் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். "இன்ஷா அல்லாஹ் வந்து குடிக்கேன்" என்று அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே போனார். வந்தார். லீவுக்கு வந்ததும் நேராகக் கடைக்கு வந்து, "எங்க என் மிச்சம்?" என்று கேட்டார். துட்டிக்கும் வந்திருந்தார். வாசலில் நின்று பிள்ளை மாதிரி அழுதார்.

இந்தக் காரியத்தை எதற்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் வீட்டுக்காரர் பெயர் இசக்கி. தோணியில்தான் வேலை. நான் பிரசவத்துக்கு ஓட்டப்பிடாரம் பக்கத்தில் எங்கள் அம்மா வீட்டில் இருந்தேன். சரக்கு முன்னாலேயே வந்துவிட்டது, காற்றும் நன்றாக இருக்கிறது என்று தோணியைச் சொன்ன நாளுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் சொல்லிக்கொள்ள வரமுடியவில்லை. தோணி போய்ச் சேரவில்லை. பின்னால் போன தோணிக்காரர்கள் கடலில் பலகை மிதந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு என் மகள் பிறந்தாள். வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "எம் மவன் வருவான். தாலியில கை வைக்கப்படாது" என்பார் என் மாமியார். காரியம் செய்து முடித்துவிடவேண்டும் என்பார் என் அண்ணன். பிள்ளைக்குப் பெயரும் வைக்கவில்லை. தகப்பன் வந்து வைக்கட்டும் என்று மாமியார் சொல்லிவிட்டார். பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் தாலியோடு இருக்கவேண்டியவளா, இல்லாமல் இருக்கவேண்டியவளா என்று எனக்கே தெரியாது. வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் அண்ணாச்சி வந்தார். அதுவரைக்கும் எனக்கு அவரைப் பழக்கமில்லை. கையில் ஒரு பொட்டலம் மக்ரூன் வைத்திருந்தார். வேப்பமரத்து நிழலில் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தோம். தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் சொன்னார்.

"அன்னைக்கு இசக்கி எங்க கடைக்கு வந்தான் தாயி. மூலை மேசையில இருந்து ரெண்டு தோசை தின்னான். சட்னி வேண்டாம், சீனி போதும்னான்."

என் வீட்டுக்காரர் வீட்டிலும் தோசைக்குச் சீனிதான் தொடுவார். "பச்சப்பிள்ள கணக்கா" என்று நான் கேலி செய்வேன்.

என் மாமியார் குறுக்கே புகுந்து, எல்லோரும் கேட்கப் பயந்ததைக் கேட்டுவிட்டார். "டீ குடிச்சானா? மிச்சம் வச்சானா?"

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "இல்ல ஆத்தா. ஒரு சொட்டு இல்ல. கிளாஸக் கவுத்திட்டு எந்திரிச்சான். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மாமியார் அலறவில்லை. மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சொன்னார். "எந்திரிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னான். ‘நான் வர முந்தி பிள்ள பிறந்து, அது பொம்பளப்பிள்ளயா இருந்தா முத்துச்செல்வின்னு வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி’ன்னான். அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

அந்த வாரமே காரியம் நடந்தது. பிள்ளைக்கு முத்துச்செல்வி என்று பெயர் வைத்தோம். சைக்கிள் சத்தத்துக்கு நான் எழுந்திருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அண்ணாச்சி கடையில் வேலைக்கு வந்துசேர்ந்தேன். என் மகள் பள்ளிக்கூடத்திலும் சரி, இப்போது மதுரையில் நர்ஸாக இருக்கிற இடத்திலும் சரி, பெயரைச் சொன்னதோடு நிற்கமாட்டாள். "எங்கப்பா வச்ச பேரு" என்றும் சேர்த்துச் சொல்வாள். அவள் அப்பாவைப் பார்த்ததில்லை. அவரிடமிருந்து அவளுக்கு வந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

இனி துட்டி வீட்டுக்கு வருகிறேன்.

பொம்பளைகள் எல்லோரும் பின்கட்டில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் பேச்சியம்மாள் இருந்தாள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். எனக்கு நடந்து பல வருஷம் கழித்து அவள் வீட்டுக்காரரும் தோணியோடு போனவர்; அவர் தோணியேறின அன்று மகளுக்குக் காய்ச்சல் என்று நான் கடைக்குப் போகவில்லை. கடைக்கு எப்போதாவது வந்து அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுப் போவாள், எனக்கு முகப்பழக்கம்தான். அழுகை ஓய்ந்த நேரத்தில் ஒவ்வொருத்தியும் அண்ணாச்சி தனக்குச் செய்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சியும் சொன்னாள்.

"எம் மவன் பேரே அண்ணாச்சி கொண்டாந்து தந்த பேருதான். அவிய தோணியேறுத அன்னைக்கு மூலை மேசையில இருந்து ரெண்டு தோசை சாப்பிட்டாவளாம். பையன் பிறந்தா முத்துச்செல்வன்னு வைக்கச் சொல்லுங்கன்னாவளாம்."

சும்மா இருந்திருக்கலாம். வாய் கேட்டுவிட்டது. "சட்னி கேட்டாவளா?"

"சட்னியா? அதான் அதிசயம். சீனி கேட்டாவளாம். சீனின்னாலே அவியளுக்கு ஆகாதுளா. டீயக்கூடச் சீனியில்லாமத்தான் குடிப்பாவ. நான் அண்ணாச்சிட்டயே கேட்டேன். ‘அன்னைக்குக் கேட்டான் தாயி, நானே அதிசயப்பட்டேன்’னாரு. ஏன் திடீர்னு சீனி கேட்டாவன்னு நான் நெனைக்காத நாளு இல்ல."

"பேச்சி, எங்க வீட்டுக்காரரு சீனிதான் தொடுவாரு" என்றேன். "எனக்கும் இதத்தான் சொன்னாரு. எம் மவ பேரு முத்துச்செல்வி."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னவெல்லாமோ வந்து போயிற்று. பிறகு சொன்னாள்: "அப்ப அது உன் மாப்பிள்ள தின்ன தோசையாளா? அதயா இத்தன வருசம் நான் சுமந்துட்டுத் திரிஞ்சேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்து அடைத்தாலும் நிற்கவில்லை. "துட்டி வீட்டுல என்னளா இளிப்பு? கூறு இருக்கா?" என்று ஒரு ஆத்தா அதட்டினார். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். யாருக்காக அழுதோம் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கா, எங்கள் வீட்டுக்காரர்களுக்கா, அந்தத் தோசைக்கா?

அழுகை நின்றதும் பேச்சி சொன்னாள். "உனக்காவது சீனி சரியா இருக்கு. எனக்கு அதுவும் இல்லயே."

எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. சீனி சரி. ஆனால் பெயர்? ஒரு பெயரை அவளுக்கு உண்டாக்கித் தரமுடிந்தவர் எனக்கும் உண்டாக்கித் தந்திருக்கலாமே. என் வீட்டுக்காரர் சொன்ன பெயரைப் பேச்சிக்குக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாரா? இல்லை, அது முதலிலிருந்தே அண்ணாச்சியின் பெயர்தானா?

அதன் பிறகு எனக்கு அந்தக் காயல்பட்டினத்துத் தம்பியின் ஞாபகம் வந்தது. காலிக் கிளாஸைப் பார்த்துவிட்டு ரோட்டில் ஓடிக் காரை மறித்தவர், என் வீட்டுக்காரர் கிளாஸைக் கவிழ்த்ததைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருந்தார்? "உக்காருவே, மிச்சம் வை" என்று ஏன் சொல்லவில்லை? அன்று சொல்லாமல் விட்டதனால்தான் பின்னால் எல்லோர் பின்னாலும் ஓடினாரா? அல்லது கிளாஸ் கவிழவே இல்லையா? இப்படி நினைத்தால் அப்படித் தோன்றுகிறது. அப்படி நினைத்தால் இப்படித் தோன்றுகிறது.

சாம்பல் கரைத்து வந்து இரண்டு மூன்று நாள் போனபின், மனசு தாங்காமல் மதினியிடம் கேட்டேன். நான் சேர்வதற்கு முன்பு மதினிதான் தோசை ஊற்றினார். என் வீட்டுக்காரர் தோணியேறின காலையில் அடுப்படியில் இருந்தவர் அவர். "மதினி, அன்னைக்கு இசக்கி என்ன சொன்னாவ? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

மதினி யோசித்தார். "சீனி கேட்டது காதுல விழுந்துச்சு கனி. அவன் சத்தம்தான், எனக்குத் தெரியும். வேற ஒண்ணும் விழல. அப்ப பம்ப் ஸ்டவ்வுல்லா? ஓன்னு இரைஞ்சுக்கிட்டே இருக்கும்." பிறகு, "உங்க அண்ணாச்சி எதச் சொன்னாலும் நான் நிசமான்னு கேட்டதில்ல. கேட்டா சிரிப்பாவ. சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துரும். அதோட போச்சு" என்றார்.

பேச்சி என்னைப்போல் குழம்பவில்லை. தன் மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "அப்பா வைக்கலன்னா என்னம்மா? வச்ச ஆளு வருசா வருசம் தீவாளிக்குச் சட்ட எடுத்துத் தந்தாரே" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டானாம். "எழுதப் போறியா? எழுது. எம் பேரும் போடு" என்றாள் பேச்சி. அதனால்தான் எழுதினேன்.

என் மகளிடம் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் துட்டிக்கு வந்தவள், பதினாறு முடியட்டும் என்று லீவு போட்டுத் தங்கியிருக்கிறாள். அவளிடமிருந்து அந்தப் பெயரை எப்படித் திரும்ப வாங்குவது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை; இந்தப் புத்தகம் அவள் கைக்கும் போகும். சாத்தியிருந்த கடையைக் கூட்டிவிடப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மூலை மேசையில் உட்காரவைத்து, பேச்சி சொன்னதை, மதினி சொன்னதை, எல்லாம் சொன்னேன். "உங்கப்பா கிளாஸக் கவுத்தாரா, பேரு சொன்னாரா, ஒண்ணும் எனக்குத் தெரியலளா" என்றேன்.

அவள் முகம் வேறு மாதிரி ஆயிற்று. "கவுத்தாரா? மிச்சம் வச்சாருல்லாம்மா?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"மாமாதான்." அண்ணாச்சியை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். "நான் நாலாவது படிக்கும்போது ஒருத்தி, ‘உங்கப்பனுக்கு நீ வேண்டாம், அதான் மிச்சமே வைக்காமப் போனான்’னு சொல்லிட்டா. இங்கன வந்து அழுதுட்டு இருந்தேன். மாமா வந்து பக்கத்துல உக்காந்தாரு. ‘எவ சொன்னா? உங்கப்பன் ஒரு மடக்கு மிச்சம் வச்சுட்டுத்தான்ளா போனான், நான் பாத்தேன். அந்த மிச்சம்தான் நீ’ன்னாரு."

"என்கிட்ட ஏன்ளா சொல்லல?" என்றேன்.

"மாமாதான் சொல்லக்கூடாதுன்னாரு. ‘உங்கம்மாட்டச் சொல்லிராத. அவ அந்தக் கிளாஸத் தேட ஆரம்பிச்சிருவா’ன்னாரு."

அவள் அழுதாள். நான் அழவில்லை. அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள், ஒரே மேசை, ஒரே கிளாஸ். அண்ணாச்சி எனக்கு அதை ஒரு சொட்டு இல்லாமல் கொடுத்தார். நான் காத்திருந்தே வீணாகிவிடுவேன் என்று நினைத்திருப்பார். அவளுக்கு ஒரு மடக்கோடு கொடுத்தார். அவளுக்கு அது வேண்டியிருந்தது. ஒன்று பொய்யாகத்தான் இருக்கவேண்டும். எது என்று எனக்குத் தெரியாது. இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம். என் வீட்டுக்காரர் எப்போதும்போல் தோசை தின்று, டீ குடித்து, ஒன்றும் சொல்லாமல், சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்குத் தெரியும் அதுதான் கடைசி என்று?

இதைப் படிக்கிறவர்களில் அந்தக் காலையில் கடையில் இருந்தவர்கள் யாராவது இருக்கலாம். தோணிக்குச் சரக்கு ஏற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன்மார், அந்த நேரத்துக்குப் பேப்பர் போட வந்தவர், யாராவது. மூலை மேசையில், எப்போதும் நீலச் சட்டை போடுகிற ஒருவர் தோசைக்குச் சீனி தொட்டுத் தின்றதைப் பார்த்திருப்பீர்கள். அவர் எழுந்து போன பிறகு அந்தக் கிளாஸில் என்ன இருந்தது என்றும் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். தெரிந்தால் வந்து சொல்லுங்கள். இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன். மறுபடியும் எழுதியிருக்கிறேன். நீங்கள் வந்தால் கேட்பேனா, காதைப் பொத்திக்கொள்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

என் மகள் ஒன்று கேட்டாள். "இனிமே எங்கப்பா வச்ச பேருன்னு சொல்லலாமா, கூடாதாம்மா?" கேட்டவளே, "சொல்லிக்கிடுதேன்" என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது.

பதினாறு முடிந்ததும் கடையைத் திறக்கவேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். டீ ஆற்ற மதினியின் தம்பி வருவார். கல்லுக்கு முன்னால் நான்தான். கதை சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சொல்ல வராது. தோணிக்குப் போகிறவர்கள் வருவார்கள், துபாய்க்குப் போகிறவர்கள் வருவார்கள். வந்து உட்காருங்கள். கிளாஸ் காலியாக இருந்தால் நான் ரோட்டில் ஓடி வருவேன், என் காலில் வலி இருந்தாலும் வருவேன். மிச்சம் இருந்தால், தோணி முயல்தீவைத் தாண்டுகிற வரைக்கும் யாரையும் அதைத் தொடவிடமாட்டேன்.

அண்ணாச்சி எனக்கென்று விட்டுப் போனதும் அப்படி ஒரு கிளாஸ்தான். அதில் ஒரு மடக்கு இருக்கிறதா, ஒன்றும் இல்லையா, எனக்குத் தெரியவில்லை. கழுவாமல் வைத்திருக்கிறேன்.